காயத்தைத் தேடிப் போகும் வெண்குழியங்கள் – வாசகர் வினா விடை

அண்மையில் வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த கடிதங்களில் வீக்கம், சீழ், குருதிப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைப் பற்றிய வினாக்களே மிகுதியாக இருந்தன. கேட்டவர்களின் நோய்கள் வெவ்வேறானவை. ஆனால் குருதியில் மிதந்து செல்லும் வெண்குழியம் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, குழாயின் சுவரைக் கடந்து, காயத்தை நோக்கி ஊர்ந்து போகும் நிகழ்ச்சியை விளங்கிக்கொண்டால் அவை எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கும். ஆகவே இம்முறை அக்கடிதங்களை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். மாணவி ஒருவர் கேட்ட அடிப்படை வினாவுக்கான விடை நீளமானது. ஏனையவர்களும் அதைப் பொறுமையோடு வாசித்துவிட்டுத் தம் விடைக்கு வரும்படி வேண்டுகிறேன்.

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். அழற்சியின்போது வெண்குழியங்கள் குருதிக் குழாயின் சுவரைக் கடந்து இழையத்துக்குள் செல்லும் என்று எங்கள் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் உள்ளது. ஓடும் குருதியில் அடித்துச் செல்லப்படும் ஒரு கலம், காலில் முள் குத்திய இடத்தில்தான் இறங்க வேண்டும் என்பதை எப்படி அறிகிறது? எப்படி நிற்கிறது?
– மாணவி, மாங்குளம்

வெண்குழியம் இடத்தை அறிந்து வருவதில்லை. காயத்துக்கு அருகிலுள்ள குழாய்ச் சுவர்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு தொடர்ந்து வாசியுங்கள்.

விறகு எடுக்கப் போன ஒருவரின் பாதத்தில் விடத்தல் முள் ஏறிவிட்டது என்று கொள்வோம். முள்ளோடு பற்றீரியாக்களும் தோலுக்குள் போய்விடுகின்றன. அவ்விடத்து இழையத்தில் ஏற்கெனவே காவலிருக்கும் மாஸ்ட் கலங்களும் பெருந்தின்குழியங்களும் உடனே சில வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன. அவற்றுள் ஹிஸ்டமின் முந்தியது. அதனால் சிறு நாடிகளான புன்னாடிகள் விரிவதால் குருதி கூடுதலாகப் பாய்ந்து இடம் சிவந்து சுடுகிறது. சிறு நாளங்களான புன்னாளங்களின் சுவர் இளகுவதால் திரவவிழையம் வெளியே கசிந்து வீக்கம் உண்டாகிறது. சிவப்பு, வீக்கம், சூடு, நோவு என்னும் நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக முதலாம் நூற்றாண்டிலேயே உரோமரான செல்சசு எழுதி வைத்தார். ஆனால் அந்த நான்கிற்கும் அடியில் நுணுக்குக்காட்டியில் மட்டுமே தெரியும் ஐந்தாவது காரியம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வினா அதைப் பற்றியது.

திரவம் கசிந்ததால் புன்னாளத்தில் குருதியின் ஓட்டம் மந்தமாகிறது. செங்குழியங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குழாயின் நடுவால் ஓட, உருவில் பெரிய வெண்குழியங்கள் ஓரத்துக்கு ஒதுக்கப்படுகின்றன. இவ்வளவில் அவை சுவரைத் தொடும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. ஆயினும் இன்னும் நிற்கவில்லை. அங்கே குருதி செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. நமக்கு அது அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்களவே விட்டமுள்ள கலத்துக்கு அது தன் உடலின் நூறு மடங்கு தூரத்தை ஒரு செக்கனில் கடப்பதாகும்.

இந்த வேகத்தைத் தணிப்பவை செலெக்டின்கள் என்னும் புரதங்கள். புன்னாளத்தின் உட்சுவரை மூடியிருக்கும் அகவணிக் கலங்களுக்குள் நீண்ட பைகள் போன்ற நுண்ணுறுப்புகள் உள்ளன. 1964இல் எவால்ட் வைபெல், ஜோர்ஜ் பலாடே ஆகிய இருவரும் அவற்றை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டு விவரித்ததால் அவை அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன. பி-செலெக்டின் அந்தப் பைகளில் முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டிருக்கிறது. ஹிஸ்டமின் பட்டதும் சில நிமிடங்களில் அது கலத்தின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. ஈ-செலெக்டினோ புதிதாக ஆக்கப்பட வேண்டியது, டி.என்.எஃப்., இன்டர்லியூகின்-1 ஆகிய அழற்சிச் செய்திப் புரதங்களின் தூண்டுதலால் அது ஓரிரு மணித்தியாலங்களுக்குப் பின்னரே வெளிப்படுகிறது. வெண்குழியத்தின் மேலோ இவற்றுக்கு இசைந்த வெல்லச் சங்கிலிகளைத் தாங்கிய புரதங்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன.

இவ்விரண்டும் பற்றிக்கொள்ளும் பிணைப்பு ஒரு செக்கன்கூட நிலைப்பதில்லை. குளம் வான் பாயும் வேளையில் நீரில் அகப்பட்டவர் கரையோரப் புற்களை மாறி மாறிப் பற்றுவதைப் போன்றது இது: ஒரு பிடி அறுந்துபோகிறது, அதற்குள் அடுத்த பிடி கைக்கு வருகிறது, எந்தப் பிடியும் அவரை நிறுத்தவில்லை, ஆனாலும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. வெண்குழியமும் இப்படியே பின்பக்கம் விடுபட்டும் முன்பக்கம் பற்றியும் சுவரின் மேல் உருளத் தொடங்குகிறது. அப்போது அதன் வேகம் செக்கனுக்குச் சில பத்து மைக்கிரோமீற்றர்களாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடுகிறது. இந்தப் பிணைப்புகளுக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. இழுவிசை ஓரளவு கூடும்போது அவை தளராமல் இன்னும் இறுகுகின்றன. ஆகவே குருதி ஓடிக்கொண்டிருக்கும் வரையில்தான் உருளல் நன்றாக நடக்கிறது. நான் படித்தவற்றுள் என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி இதுவே.

உருளும்போது கலம் சுவரை ஆராய்கிறது. அகவணிக் கலங்களின் மேற்பரப்பில் இன்டர்லியூகின்-8 போன்ற கெமொக்கைன்கள், அதாவது வெண்குழியங்களை ஈர்க்கும் சிறு புரதங்கள், ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேகமாகக் கடந்து போன கலத்துக்கு அவற்றை உணர நேரம் இருந்திராது. உருளும் கலத்துக்கு இருக்கிறது. அவை கலத்தின் வாங்கிகளில் பொருந்தியதும் உள்ளே ஓர் ஆணை பிறக்கிறது. அந்த ஆணையால், அதுவரை கலத்தின் மேல் மடங்கிக் கிடந்த இன்டெக்ரின்கள் என்னும் வேறு வகைப் புரதங்கள் நிமிர்ந்து விரிகின்றன. நிமிர்ந்த இன்டெக்ரின் சுவரிலுள்ள ஐகாம்-1 என்னும் மூலக்கூறை உறுதியாகப் பற்றுகிறது. கலம் நின்றுவிடுகிறது.

உருளவும் நிற்கவும் இரண்டு வேறு புரதக் குடும்பங்கள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1991இல் மைக்கேல் லோரன்சும் திமொத்தி ஸ்பிரிங்கரும் செய்த பரிசோதனை இதற்கு நேரடியாக விடை தருகிறது. அவர்கள் ஒரு கண்ணாடிப் பரப்பில் இந்த மூலக்கூறுகளைப் பதித்து, அதன் மேல் வெண்குழியங்கள் கலந்த திரவத்தை ஓட விட்டார்கள். ஐகாம்-1 மட்டும் இருந்தபோது ஓட்டத்தில் வந்த கலங்கள் அதைப் பிடிக்கவே முடியாமல் கடந்து சென்றன. பி-செலெக்டின் மட்டும் இருந்தபோது உருண்டுகொண்டே இருந்தன. இரண்டும் சேர்ந்திருக்க, கலமும் தூண்டப்பட்டபோதுதான் உருண்டு வந்து நின்றன. தனித்து ஒன்றால் ஆகாத இந்த ஏற்பாட்டில்தான் பாதுகாப்பு இருக்கிறது. செலெக்டின், கெமொக்கைன், இன்டெக்ரின், ஐகாம் யாவும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் கூடினாலன்றி வெண்குழியம் நிற்பதில்லை. அவ்வாறு கூடும் இடம் முள் குத்திய பாதமேயன்றி நலமாயிருக்கும் கை அன்று.

நின்ற கலம் தட்டையாகிச் சுவரின் மேல் ஊர்ந்து, இரண்டு அகவணிக் கலங்கள் சேரும் பொருத்தைத் தேடுகிறது. பெரும்பாலும் அந்தப் பொருத்தின் வழியாகவே தன்னை ஒடுக்கிக்கொண்டு வெளியேறுகிறது. சில வேளைகளில் ஓர் அகவணிக் கலத்தின் உடலை ஊடுருவியே செல்வதும் உண்டு. வெண்குழியங்களுள் மிகுதியான வகையாகிய நடுநிலைநாடியின் கரு பல சோணைகளாகப் பிரிந்திருப்பது இந்த ஒடுங்கிய வழிக்கு ஏற்றதாக அமைகிறது. இக்காட்சியை விரிவாக எழுதியவர் யூலியஸ் கோன்ஹைம். உயிருள்ள தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுணுக்குக்காட்டியின் கீழ் விரித்து வைத்து, 1867இல் அவர் தாம் கண்டதைப் பதிவு செய்தார்: நாளத்தின் உட்சுவரில் வெண்குழியங்கள் வரிசையாகப் படிகின்றன, பின்னர் சுவரின் வெளிப்புறத்தில் நிறமற்ற சிறு புடைப்புகள் தோன்றுகின்றன, புடைப்புப் பெருக்கப் பெருக்க உள்ளிருந்த பகுதி சிறுக்கிறது, கடைசியில் கலம் முழுவதும் வெளியே நிற்கிறது. சீழ்க்கலங்கள் அவ்விடத்து இழையத்திலேயே பிறப்பவை என்று அவருடைய ஆசிரியர் விர்ச்சோ கற்பித்து வந்த காலம் அது. சீழ் குருதியிலிருந்து வருகிறது என்பதை மாணவர் தம் கண்ணால் கண்டு காட்டினார்.

வெளியே வந்த கலம் எத்திசையில் போவது? பற்றீரியாக்கள் தம் புரதங்களை ஆக்கும்போது சிந்தும் போமைல் பெப்ரைட்டுகளும், இழையத்தில் பிறக்கும் வேறு சில பொருள்களும் காயத்தருகே செறிவாகவும் தொலைவில் ஐதாகவும் இருக்கும். தன் உடலின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே அச்செறிவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு வித்தியாசம் இருந்தாலே நடுநிலைநாடி அதை உணர்ந்துவிடும். செறிவு கூடிய பக்கத்தில் அக்டின் இழைகள் வளர்ந்து கலமென்சவ்வை முன்னே தள்ள, பின்பக்கத்தில் மயோசின் சுருங்கி வாலை இழுத்துக்கொள்ள, நிமிடத்துக்குப் பத்து மைக்கிரோமீற்றர் அளவில் அது நகர்கிறது. முதல் நாளில் வருபவை பெரும்பாலும் நடுநிலைநாடிகளே. ஒன்றிரண்டு நாள்களில் ஒற்றைக்குழியங்கள் வந்து பெருந்தின்குழியங்களாக மாறி, இறந்த நடுநிலைநாடிகளையும் எச்சங்களையும் விழுங்கி இடத்தைத் துப்புரவாக்குகின்றன. 1882இல் இலியா மெச்னிக்கோவ் சிசிலியின் மெசினாவில் நட்சத்திர மீனின் குடம்பியொன்றின் உடலில் உரோசா முள்ளைக் குத்திவிட்டு, மறுநாட் காலையில் அதன் அலையும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். குருதிக் குழாயே இல்லாத அந்த உயிரியிலும் ஊர்தல் இருந்தது. 1908இல் அவருக்குப் போல் எர்லிக்குடன் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு நீண்ட காலமாக ஆஸ்துமா. இழுப்புக் கூடியபோது பிரெட்னிசோலோன் குளிசை தந்தார்கள். மறுநாள் எடுத்த எஃப்.பி.சி. பரிசோதனையில் வெண்குழியங்கள் 15,000 என்று வந்தது. காய்ச்சல் இல்லை. கிருமித் தொற்று ஏற்பட்டுவிட்டதோ என்று வீட்டார் பயப்படுகிறார்கள்.
– ஆசிரியை, கிளிநொச்சி

வளர்ந்தவர்களில் ஒரு மைக்கிரோலீற்றர் குருதிக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெண்குழியங்கள் இருப்பது வழமை. உங்கள் எண்ணிக்கை அதைவிடக் கூடியதே. ஆனால் அந்த எண் எதை எண்ணுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

குருதிக் குழாய்களுக்குள் இருக்கும் நடுநிலைநாடிகளில் ஏறத்தாழப் பாதி, எந்த வேளையிலும், ஓட்டத்தில் மிதந்து வருவதில்லை. அவை நுண்குழாய்களின் சுவரோரம் ஒதுங்கித் தங்கியிருக்கின்றன. கையில் ஊசி ஏற்றி எடுக்கும் குருதியில் மிதப்பவை மட்டுமே வருகின்றன. ஸ்டீரொயிட் மருந்து வெண்குழியங்களின் ஒட்டும் தன்மையைக் குறைப்பதால் ஓரத்தில் தங்கியிருந்தவை ஓட்டத்தில் கலந்துவிடுகின்றன; என்பு மச்சையிலிருந்தும் கூடுதலானவை வெளியே விடப்படுகின்றன; வெளியேறி இழையத்துக்குள் போக வேண்டியவையும் போக முடியாமல் குழாய்க்குள்ளேயே நிற்கின்றன. இவை மூன்றும் சேர்ந்து எண்ணிக்கையை உயர்த்துகின்றன. ஸ்டீரொயிட் உங்கள் சுவாசக் குழாயின் அழற்சியைத் தணித்ததும், அறிக்கையில் எண் ஏறியதும் ஓரளவுக்கு ஒரே காரணத்தால் நடந்தவை என்பதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கடுமையாக ஓடியவருக்கும், மிகவும் பயந்தவருக்கும் அட்ரினலினால் இவ்வாறே சிறிது நேரத்துக்கு எண்ணிக்கை கூடுவதுண்டு.

அப்படியானால் தொற்றை எப்படிப் பிரித்தறிவது? அறிக்கையில் மொத்த எண்ணுக்குக் கீழே இனவாரியான பிரிவு இருக்கும். ஸ்டீரொயிட்டால் நியூட்ரோபில் என்று எழுதப்படும் நடுநிலைநாடிகள் கூட, நிணநீர்க்குழியங்களும் இயோசின்நாடிகளும் குறையும். முதிராத நடுநிலைநாடிகள் மிகுதியாகத் தென்பட்டாலோ, காய்ச்சல், மஞ்சட் சளி, நெஞ்சு நோவு போன்றவை சேர்ந்தாலோ வைத்தியர் தொற்றைச் சந்தேகிப்பார். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டீரொயிட் எடுப்பவரின் வெண்குழியங்கள் தொற்று உள்ள இடத்துக்கு எளிதாகப் போய்ச் சேராதபடியால், தொற்று உண்மையில் ஏற்பட்டாலும் சிவப்பும் வீக்கமும் வெளித் தெரியாமல் போகக்கூடும். ஆகவே உடம்பு இயல்பாக இல்லை என்று தோன்றினால் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

2009ஆம் ஆண்டு முதல் என் தொடையில் ஷெல் துண்டு ஒன்று இருக்கிறது. அப்போது எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளாகப் பேசாமல் இருந்த இடம், இரண்டு கிழமையாகச் சிவந்து நோகிறது. வெறும் இரும்புத் துண்டு ஏன் திடீரென்று வீங்க வேண்டும்?
– வாசகர், புதுக்குடியிருப்பு

ஐயா, உங்களைப் போல உடலுக்குள் உலோகத்தைச் சுமந்துகொண்டு வயலுக்கும் கடலுக்கும் போய்வருபவர்கள் இப்பகுதியில் எத்தனையோ பேர். இந்த விடையை அவர்கள் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

துண்டு உடலில் புகுந்த சிறிது நேரத்திலேயே அதன் மேல் குருதியின் புரதங்கள் படிந்துவிடுகின்றன. அவற்றுள் பைபிரினோஜன் முக்கியமானது. வெண்குழியங்களின் இன்டெக்ரின்களுள் ஒன்று இப்படிப் படிந்த பைபிரினோஜனைப் பற்றக்கூடியது. ஆகவே கலங்கள் உண்மையில் இரும்பை ஒட்டவில்லை, இரும்பின் மேலிருக்கும் புரதப் படையை ஒட்டுகின்றன. முதலில் வந்த நடுநிலைநாடிகள் இறந்தொழிய, பெருந்தின்குழியங்கள் வந்து துண்டை விழுங்க முயல்கின்றன. தம்மைவிடப் பல மடங்கு பெரிய பொருளை விழுங்க முடியாதபோது அவை ஒன்றோடொன்று இணைந்து பல கருக்களைக் கொண்ட இராட்சதக் கலங்களாகி அதன் மேல் படிந்துவிடுகின்றன. பிறகு சுற்றிலும் நாரிழையத்தாலான உறை ஒன்று வளர்கிறது. உங்கள் தொடை இத்தனை ஆண்டுகள் பேசாமல் இருந்தது இந்த உறையால்தான்.

அமைதி கலைவதற்குக் காரணங்கள் சில உண்டு. தசை அசைய அசையத் துண்டு சிறிது இடம்பெயர்ந்து உறையையும் அயல் இழையத்தையும் உராயலாம். அல்லது அன்றே துண்டோடு உட்சென்ற பற்றீரியாக்கள், தாமே சுரந்த பசை போன்ற ஒரு படலத்துக்குள் உலோகத்தின் மேல் ஒட்டியபடி உறங்கிக் கிடந்திருக்கலாம். வேறோரிடத்துத் தொற்றிலிருந்து குருதி வழியாகப் புதிய பற்றீரியா வந்து சேர்ந்திருக்கவும் கூடும். அந்தப் படலத்துக்குள் வெண்குழியங்களால் எளிதில் புக முடியாது. அவை வெளியே குவிந்து நின்று, பற்றீரியாவுக்கென்று வைத்திருந்த நொதியங்களைச் சுற்றிலுமுள்ள இழையத்தின் மேல் சிந்துகின்றன. இழையம் கரைந்து சீழ் திரள்கிறது. அன்டிபயோட்டிக் மட்டும் எடுத்தால் சில நாள்கள் தணிந்து மீண்டும் கிளம்புவது இதனால்தான்.

இரண்டு கிழமை நோவு என்பது வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளும் கட்டத்தைத் தாண்டியது. இந்தக் கிழமையே மாவட்ட வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போங்கள். காய்ச்சல் அடித்தாலோ, சிவப்புப் பரவினாலோ, தோலில் துளை விழுந்து நீர் கசிந்தாலோ அன்றே போக வேண்டும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் உலோகம் தெளிவாகத் தெரியும். துண்டை எடுப்பதா விடுவதா என்பதை அது நரம்புக்கும் பெரிய குழாய்களுக்கும் எவ்வளவு அருகில் உள்ளது என்று பார்த்தே சத்திரசிகிச்சை நிபுணர் தீர்மானிப்பார். சூடான ஒத்தடம் கொடுத்துப் பிதுக்குவதும், பிளேட்டால் கீறிப் பார்ப்பதும் ஆபத்தானவை. பழைய படங்கள் கையில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடலில் ஷெல் துண்டு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் காந்தப் புலம் இரும்புத் துண்டை அசைத்துவிடக்கூடும்.

கால் பெருவிரல் மூட்டு இரவில் திடீரென வீங்கித் துணி பட்டாலும் நோகிறது. யூரிக் அமிலம் என்று சொல்லிக் கொல்ச்சிசின் என்ற மிகச் சிறிய குளிசை தந்தார்கள். அது கார்த்திகைக் கிழங்கில் உள்ள மருந்துதான் என்று ஒருவர் சொல்கிறார். எங்கள் வேலியோரம் முழுவதும் கார்த்திகைப்பூக் கொடி. கிழங்கைப் பாவிக்கலாமா?
– கமக்காரர், ஒட்டுசுட்டான்

கூடவே கூடாது. அவர் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதி உயிரைக் கொல்லும்.

கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கில் கொல்ச்சிசின் இருப்பது உண்மைதான். ஆனால் குளிசையில் இருப்பது மில்லிகிராமில் பாதியளவு. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது செடிக்குச் செடி மாறும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையேயான தூரமோ இப்பொருளில் மிகக் குறைவு. கிழங்கைத் தின்றவருக்குச் சில மணித்தியாலங்களில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அடுத்துவரும் நாள்களில் என்பு மச்சை செயலிழந்து வெண்குழியங்களே அற்றுப்போகும். தப்பியவருக்கும் இரண்டு கிழமையளவில் தலைமயிர் கொட்டும். இலங்கையில் இக்கிழங்கால் இறந்தவர்கள் உண்டு. வள்ளிக் கிழங்கென்று மயங்கி உண்டவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கிண்டி எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூட்டில் நடப்பது இது. யூரேற்றுப் பளிங்குகள் மூட்டுக் குழியில் படிய, அவற்றை விழுங்கப் பார்த்த கலங்கள் இன்டர்லியூகின்-1ஐ வெளியிடுகின்றன. அதனால் அருகிலுள்ள புன்னாளங்களில் செலெக்டின்கள் வெளிப்பட்டு, நடுநிலைநாடிகள் கூட்டமாக மூட்டுக்குள் இறங்குகின்றன. கிருமி ஒன்றுகூட இல்லாத இடத்தில் கிருமிக்கெதிரான படையெழுச்சி முழுவதும் நடந்துவிடுகிறது. கொல்ச்சிசின் கலத்தின் உள்ளே இருக்கும் நுண்புன்குழாய்களைக் குலைக்கிறது. அதன் விளைவாக அகவணிக் கலங்களின் மேல் ஈ-செலெக்டின் பரந்திருக்கும் ஒழுங்கு மாறிவிடுகிறது. நடுநிலைநாடிகளுக்கு முன்போலப் பிடி கிடைப்பதில்லை. நோவு தொடங்கிய முதல் நாளிலேயே எடுத்தால் அது நன்றாகப் பயன் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். சொன்ன அளவுக்கு மேல் ஒரு குளிசையும் கூடாது.

பிள்ளைக்கு இருபத்தைந்து நாள். கொப்பூழ்க்கொடி இன்னும் விழவில்லை. குருதியில் வெண்குழியம் இல்லாத பிள்ளைகளுக்கு இப்படி வரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.
– தாய், வவுனியா

கொடியின் எச்சம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு கிழமையில் விழுந்துவிடும். மூன்று கிழமை தாண்டியும் நன்றாக இருக்கும் பிள்ளைகள் பலர். ஆகவே பயப்பட வேண்டாம்; ஆனால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பிள்ளை நல வைத்தியரிடமோ இப்போதே காட்டுங்கள். கொடியடி சிவந்திருந்தால், மணத்தால், பிள்ளை பால் குடிக்க மறுத்தால் தாமதிக்காதீர்கள்.

உங்களைப் பயமுறுத்தியவர் தலைகீழாகக் கேள்விப்பட்டிருக்கிறார். அந்த அரிய நோயில் வெண்குழியங்கள் இல்லாமலிருப்பதில்லை. குருதியில் வழமையைவிட மிகுதியாகவே இருக்கும். மேலே சொன்ன இன்டெக்ரின்களின் ஒரு கூறை ஆக்கும் மரபணு பழுதடைந்திருப்பதால் அவற்றால் சுவரில் நிற்க முடியாது. கொடியின் அடியை அரித்துப் பிரிக்கும் வேலையில் நடுநிலைநாடிகளுக்குப் பங்கு உண்டு. அவை அங்கே வந்து சேராதபடியால் கொடி விழத் தாமதிக்கிறது. காயங்களில் சீழே பிடிக்காமல் புண் ஆழமாவது இந்நோயின் அடையாளம். பத்து இலட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே அது காணப்படுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் உண்டாகும் என்பதால், நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்தவர்களின் பிள்ளைகளில் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது; உங்கள் குடும்பத்தில் அப்படியிருந்தாலோ, முன்பு ஒரு பிள்ளை தொற்றால் இறந்திருந்தாலோ வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடுமையான வகைக்கு என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை இருக்கிறது.

இதே நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாவது வகை நோயொன்று 1992இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதில் செலெக்டின் பற்றும் வெல்லச் சங்கிலியே அமைவதில்லை. அதே குறையால் அப்பிள்ளைகளின் குருதியினம் மிக அரிதான பம்பாய் இனமாகவும் அமைந்திருந்தது. பம்பாய் இனக் குருதியுள்ள எல்லோருக்கும் இந்நோய் உண்டு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முழு நலமுடையவர்கள்.

ஒட்டுவதால்தான் வீக்கமும் மூட்டு நோயும் வருகின்றன என்றால், வெண்குழியங்களை ஒட்டவே விடாத மருந்தைக் கண்டுபிடித்தால் என்ன?
– இளைஞர், மல்லாவி

கண்டுபிடித்தார்கள். இன்டெக்ரின் ஒன்றை மறிக்கும் நற்றலிசுமாப் என்ற மருந்து, மூளை நரம்புகளைத் தாக்கும் மல்ற்றிப்பிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதிக்கப்பட்டது. நோய் தணிந்தது. ஆனால் மூளைக்குள் காவலுக்குப் போக வேண்டிய நிணநீர்க்குழியங்களும் தடுக்கப்பட்டதால், பலருடைய உடலில் தீங்கின்றி உறங்கிக் கிடக்கும் ஒரு வைரசு விழித்துக்கொண்டு சிலரின் மூளையைச் சிதைத்தது. 2005இல் மருந்து மீளப் பெறப்பட்டு, கடும் கண்காணிப்போடு 2006இல் திரும்ப வந்தது. தோல் நோயான சொரியாசிசுக்கு வந்த எஃபலிசுமாப் அதே காரணத்தால் 2009இல் முற்றாகக் கைவிடப்பட்டது. பின்னர் வந்த வெடொலிசுமாப் குடலுக்குப் போகும் கலங்களை மட்டும் மறிப்பது; குடல் அழற்சி நோய்களுக்கு அது இன்று பயன்படுகிறது. எல்லா இடத்திலும் தடுப்பதை விட்டு, ஓரிடத்தில் மட்டும் தடுக்கும் வழியை ஆய்வாளர்கள் தேடுவது சரியான திசை என்றே நான் கருதுகிறேன்.

அப்பாவுக்குச் சலரோகம். வயலில் காலில் குத்திய காயம் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சீழும் இல்லை, நோவும் இல்லை, ஆகவே பயமில்லை என்கிறார்.
– மகள், நெடுங்கேணி

அப்பா ஆறுதல் அடையும் அதே காரணங்களுக்காகவே நான் கவலைப்படுகிறேன். குருதியில் சீனி நெடுங்காலம் கூடியிருந்தால் நடுநிலைநாடிகள் ஒட்டுவதும், ஊர்வதும், பற்றீரியாவை விழுங்குவதும் குன்றிவிடுகின்றன. காலின் குழாய்கள் ஒடுங்கியிருந்தால் அவை அங்கே வந்து சேர்வதே குறைவு. நரம்புகள் மரத்துப்போவதால் நோவும் தெரிவதில்லை. சீழில்லாமல் ஆறாதிருக்கும் காயத்தின் அடியில் தொற்று எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கலாம்.

இந்தக் கிழமையே அவரைக் கூட்டிச் செல்லுங்கள். காயத்தின் ஆழத்தைப் பார்க்கவும், பாதத்தின் நாடித் துடிப்பைப் பார்க்கவும், எலும்பை எக்ஸ்-கதிரில் பார்க்கவும் சொல்லிக் கேளுங்கள். சீனி கட்டுப்பட்டால் வெண்குழியங்களின் செயல் பெருமளவு மீளும். ஆகையால் இன்சுலின் வேண்டும் என்று சொன்னால் அவர் மறுக்காமலிருக்க நீங்கள் பக்கத்தில் நின்று பேச வேண்டும். காயம் ஆறும்வரை வெறுங்காலோடு சேற்றில் இறங்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் பற்றீரியாவும் அந்தப் புண் வழியாகவே உட்புகும். நாள்தோறும் மாலையில் இரண்டு பாதங்களையும் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் அடிப்பாதத்தையும் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். அவருடைய கால் அவருக்கு அறிவிக்காததை உங்கள் கண் கண்டுகொள்ளும்.